‘சின்னப் பிள்ளைதானே’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாமா?

போன இதழில், நூலகத்தில் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘பிள்ளையைத் திட்டாதீர்கள், கூட வந்த பெரியவரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள், பொறுப்பு அவருடையது’ என்று நாலு வரியில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப்பேர் ‘சரியாகச் சொன்னீர்கள்’ என்கிறார்கள், மீதிப்பேர் ‘பிள்ளை வளர்ப்பது என்ன பாடு என்று தெரிந்துதான் எழுதினீர்களா’ என்று கோபப்பட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: பகல் ரயிலில் ஐந்து மணி நேரப் பயணம். பின் இருக்கையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் என் இருக்கையின் முதுகை உதைத்துக்கொண்டே வந்தான். முக்கால் மணி நேரம் பொறுத்துவிட்டு, திரும்பி அவன் அம்மாவிடம் சொன்னேன். போனிலிருந்து தலையை எடுக்காமலே, ‘சின்னப் பிள்ளைதானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. உங்களுக்குக் குழந்தை இருந்தா தெரியும்’ என்றார். எனக்குக் குழந்தை இல்லை. நாலு நாளாகியும் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. நான் கேட்டது தப்பா அக்கா?

பதில்: தப்பே இல்லை. அந்த வார்த்தையை முதலில் மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். சொல்வதற்கு வேறு நியாயம் இல்லாதபோது கைக்குக் கிடைத்ததை எடுத்து எறிந்திருக்கிறார், அவ்வளவுதான். முதுகில் உதை விழுந்தால் பிள்ளை பெற்றவருக்கும் வலிக்கும், பெறாதவருக்கும் வலிக்கும்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் இருக்கையில் உட்காரவைத்தால் கால் தரைக்கு எட்டாது, அந்தரத்தில் தொங்கும், தொங்குகிற கால் ஆடத்தான் செய்யும், ஆடினால் முன் இருக்கையில்தான் படும். அந்தப் பக்கம் ஒருவர் முதுகு இருக்கிறது, அவருக்கு ஒவ்வொரு தட்டும் தெரிகிறது என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். அந்த வயதில்தான் பிள்ளைகள் அடுத்தவர் மனதில் வேறு ஒன்று ஓடும் என்பதையே புரிந்துகொள்ள ஆரம்பிக்கிறார்கள். சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே இருந்தார். ஒரு பையைக் கீழே போட்டு அதன்மேல் அவன் காலை வைக்கச் செய்திருக்கலாம், அவனைத் தன் மடியில் திருப்பி உட்காரவைத்திருக்கலாம், அரை மணிக்கு ஒரு தடவை கையைப் பிடித்துப் பெட்டியின் அந்தக் கோடி வரை நடத்திக் கூட்டிப்போய் வந்திருக்கலாம். மூன்றில் எதையுமே செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். எதிரே ஒரு இளைஞர், மடியில் இரண்டரை வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. அது தொண்டை கிழியக் கத்தியது. அவர் ‘உஷ்’ என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்தார், அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போனார். அந்தப் பக்கம் அவர் குந்தி உட்கார்ந்து அதன் முகத்துக்கு நேராக ஏதோ பேசுவது எங்களுக்குத் தெரிந்தது. ஏழெட்டு நிமிடம் கழித்து உள்ளே வந்தபோது குழந்தை அவருடைய பேனாவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டுதான் இருந்தது. உட்காருவதற்கு முன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து ‘மன்னிச்சுக்குங்க’ என்றார். பக்கத்திலிருந்த பாட்டி தன் பையை நகர்த்தி இடம் கொடுத்து, ‘பரவாயில்லப்பா, சின்னப் பிள்ளைதானே’ என்றார்.

கவனியுங்கள், அதே வார்த்தைதான். தொந்தரவைத் தாங்கியவர் சொன்னால் அது பெருந்தன்மை. பெற்றவர் தானே எடுத்துச் சொல்லிக்கொண்டால், அடுத்தவர் கொடுக்க வேண்டியதைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட மாதிரி. எந்தப் பிள்ளையும் கத்தும், அது எல்லோருக்கும் தெரியும். பிள்ளை கத்தும்போது பெற்றவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் ஜனங்களால் பொறுக்க முடிவதில்லை.

அடுத்த முறை முக்கால் மணி நேரம் பொறுக்காதீர்கள். அவ்வளவு நேரம் அடக்கிவைத்தால் குரலில் கோபம் ஏறிவிடும். ஐந்தாவது நிமிடமே திரும்பி, பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அம்மாவிடம் ‘கால் சீட்ல படுதுங்க, கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா’ என்று கேளுங்கள். வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அதற்கும் அசையவில்லை என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் வேறு இடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. கடைக்குப் போனால் பொம்மை கேட்டுத் தரையில் விழுந்து புரள்கிறாள். என் மனைவி வாங்கிக் கொடுத்து வாயை அடைக்கிறாள். என் அப்பா ‘அடியாத மாடு படியாது, ரெண்டு போடு’ என்கிறார். ஒரு தடவை அடித்தும் விட்டேன். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே இல்லை தம்பி. அந்தப் பழமொழி மாட்டுக்குச் சொன்னது, அதுவும் மாட்டுக்கே பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். வாங்கிக் கொடுப்பதும் அடிப்பதும் எதிரெதிர் மாதிரித் தெரிந்தாலும் இரண்டையும் நாம் செய்வது அந்தக் கடையில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற பத்துக் கண்களுக்காகத்தான். மகளுக்கு என்ன வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருமே யோசிப்பதில்லை.

1931-ல் ஃப்ளாரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், சின்னப் பிள்ளைகள் கோபப்படும் ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று பெற்றவர்களையே நாட்குறிப்பு எழுதச் சொல்லி, அதை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் தெரிந்தது நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான்: சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, களைத்திருக்கும்போது, உடம்பு சரியில்லாதபோது இந்த ஆர்ப்பாட்டம் அதிகம். ஆகவே உங்கள் மகள் தூங்கி எழுந்திருக்கிறாளா, வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாலே பாதிப் பிரச்சினை வாசலிலேயே நின்றுவிடும். வேலை முடிந்து வரும் வழியில் பசியோடும் தூக்கத்தோடும் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டு, அவள் பொறுமையாக இருக்கவில்லையே என்று கேட்பது நியாயமில்லை. உணர்ச்சியை இழுத்துப் பிடிக்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கே ஒரு மனிதனுக்கு 20 வயதைத் தாண்டி இன்னும் சில வருடங்கள் ஆகின்றன. உங்கள் மகளுக்கு வயது 3.

இப்போது அழுகை ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2003-ல் மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இந்த ஆர்ப்பாட்டங்களை ஆராய்ந்து சொன்னது எனக்கு மிகவும் உபயோகமாக இருந்திருக்கிறது. கோபம் ஆரம்பத்திலேயே உச்சிக்குப் போய்விடுகிறது, அப்புறம் இறங்குகிறது. அதன் அடியில் ஓடுகிற அழுகையும் துக்கமும்தான் கடைசி வரை நிற்கின்றன. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, உங்களுக்குத்தான் அது ஒரு மணி நேரம் மாதிரித் தெரிகிறது. கோபம் உச்சியில் இருக்கும்போது நீங்கள் சொல்லும் காரணம் எதுவும் அவள் காதில் ஏறாது. ‘வீட்டில் இதே மாதிரி நாலு இருக்கே’ என்று அவளோடு வாதாடாதீர்கள். பொருள் நிறைந்த வண்டியைக் கடைப் பையனிடம் ‘இதோ வந்துடறேன் தம்பி’ என்று சொல்லி ஓரமாக விட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பக்கத்தில் குந்தி உட்காருங்கள். ‘உனக்கு அது வேணும், கோபமா இருக்கே. இன்னிக்கு வாங்கலை.’ இவ்வளவு போதும், மிச்ச நேரம் பேசாமல் கூடவே இருங்கள். கோபம் வடிந்ததும் அவளே மடிக்கு வருவாள், வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். பொம்மை மட்டும் கிடையாது.

உங்கள் மனைவியிடம் இதை எப்படியாவது படித்துக் காட்டுங்கள்: நாலு தடவை மறுத்துவிட்டு ஐந்தாவது தடவை வாங்கிக் கொடுப்பது, தினமும் வாங்கிக் கொடுப்பதைவிட மோசம். எப்போதாவது ஒரு தடவை பலன் கிடைக்கிற பழக்கத்தை அழிப்பதுதான் மிகக் கடினம் என்பதை பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருட ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார். ‘இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதால் கிடைத்துவிடும்’ என்று நாமே பயிற்சி கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொடுப்பதை நிறுத்தினதும் அழுகை குறையாது, முதலில் கூடும். இத்தனை நாள் திறந்த கதவு திறக்கவில்லை என்றால் யாரும் ஓங்கித்தான் தட்டுவார்கள். அந்த இடத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று கையைத் தூக்கிவிடுகிறார்கள். சில தடவை தாண்டிவிடுங்கள், ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக நிற்க வேண்டும், தாத்தா உட்பட.

அடித்ததற்கு நீங்களே வருந்துகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள், மூன்று வயதுக்கு அது புரியும். ஸ்வீடன் 1979-லேயே வீட்டுக்குள் பெற்றவர்கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் அப்படிச் சட்டம் இருக்கிறது. அடியிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது, உருவத்தில் பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்பதைத்தான். நாளைக்கு விளையாட்டு மைதானத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளையை அவள் அடித்துவிட்டு வந்தால் அப்போது என்ன சொல்வீர்கள்?

கேள்வி: போனைக் கையில் கொடுத்துவிட்டால் எங்கே போனாலும் என் பையன் சத்தமே இல்லாமல் இருக்கிறான். யாருக்கும் தொந்தரவு இல்லை. இதிலும் குற்றம் கண்டுபிடிப்பீர்களா?

பதில்: நீண்ட பயணத்தில், காய்ச்சல் நாளில், உங்களுக்கே முடியாத ஒரு சாயங்காலத்தில் கொடுத்தீர்கள் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ‘எங்கே போனாலும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. வரிசையில் நிற்பது, அலுப்பைத் தாங்குவது, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எல்லாம் பழகிப் பழகித்தான் வரும். போன் அந்தப் பழக்கம் வரவேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஒரு சின்னப் பையில் நாலு வெள்ளைத் தாள், கலர் பென்சில், ஒரு கதைப் புத்தகம் போட்டு அவன் தோளிலேயே மாட்டிவிடுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சத்தத்தை அணைத்துவிட்டுக் கொடுங்கள். அவன் பார்க்கிற பாட்டைச் சுற்றியுள்ள அத்தனை பேரும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: எட்டு வயது மகன். ஹோட்டலில் பரிமாற வந்த பெரியவரை ‘ஏய், தண்ணி கொண்டு வா’ என்றான். எனக்கு உடம்பே கூசிவிட்டது. இதை எங்கே கற்றான் என்றே தெரியவில்லை.

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டில் வேலைக்கு வருபவரை, வாசலில் பார்சல் கொண்டு வருபவரை, ஆட்டோ ஓட்டுபவரை யார் யார் ‘வா, போ’ என்று கூப்பிடுகிறார்கள்? தாத்தாவுக்கு ‘வாங்க’, அவர் வயதே உள்ள காவலாளிக்கு ‘வா’ என்று நாம் வித்தியாசம் காட்டுவதைப் பிள்ளை இலக்கணம் மாதிரியே மனதில் எழுதிக்கொள்கிறது. நம் மொழியில் அந்த ‘ங்க’வில் முழு மரியாதையும் இருக்கிறது, அதனால் அது நம் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது.

1961-ல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனை ஒன்று. 3 முதல் 6 வயது வரையான 72 பிள்ளைகள். அவர்களில் சிலருக்கு முன்னால் பெரியவர் ஒருவர் காற்று நிரப்பிய பொம்மை ஒன்றைச் சுத்தியலால் அடித்து, உதைத்து, கூடவே சில வார்த்தைகளும் சொன்னார். பிறகு தனியாக விடப்பட்டபோது அதைப் பார்த்த பிள்ளைகளில் பலர் அதே அடி, அதே உதை, அதே வார்த்தைகளைத் திருப்பிச் செய்தார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்தது போதுமாக இருந்தது.

அன்றைக்கு நீங்கள் அந்தப் பெரியவரிடம் ‘மன்னிச்சுக்குங்க ஐயா’ என்று மகன் காதில் விழும்படி சொன்னீர்களா? சொல்லியிருந்தால் நல்லது. இல்லையென்றால் அதே ஹோட்டலுக்கு இன்னொரு தடவை போங்கள், நீங்களே முதலில் ‘ஐயா, கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றீங்களா’ என்று கேளுங்கள். பிறகு அவனைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேரன் வெளியில் ரொம்பச் சேட்டை. நான் கண்டித்தால் மகனும் மருமகளும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ‘போலீஸ்காரர் பிடிச்சுட்டுப் போயிடுவார்’ என்று சொன்னால்தான் அடங்குகிறான். நான் பேசாமல் இருந்துவிடவா?

பதில்: பெற்றவர்கள் பக்கத்தில் இருக்கும்போது பொது இடத்தில் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம் அம்மா. சாலை, படிக்கட்டு, தண்ணீர் என்றால் மட்டும் யாரையும் கேட்காமல் கையைப் பிடித்து இழுங்கள். மற்றதைப் பேரன் தூங்கினபிறகு மகனிடம் ஒரே ஒரு தடவை, குறையாகச் சொல்லாமல் பேசிப்பாருங்கள்.

போலீஸ்காரரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘அந்த அங்கிள் திட்டுவார்’, ‘டாக்டர் ஊசி போட்டுடுவார்’ எல்லாமே இந்த ரகம்தான். கண்டிக்கிற வேலையை வழியில் போகிற யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட்டு நாம் நல்லவர்களாக இருந்துகொள்கிறோம். கூட்டத்தில் என்றைக்காவது பேரன் தொலைந்து போனால் அவன் ஓடிப்போய் நிற்க வேண்டியது அந்தப் போலீஸ்காரரிடம்தான் அம்மா. இப்போது அவரைக் கண்டால் ஒளிந்துகொள்ளத்தான் அவனுக்குத் தெரியும்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. போன மாதம் வங்கி வரிசையில் நின்றபோது அறிவிப்பு மணி திரும்பத் திரும்ப அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். நான் தரையில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டேன். பின்னால் நின்ற ஒருவர் ‘வளர்த்த லட்சணம்’ என்றார். போன இதழில் ‘பொறுப்பு பெற்றவருடையது’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த ஆள் குரல்தான் கேட்டது.

பதில்: என்னை மன்னித்துவிடுங்கள். அந்த நாலு வரியை எழுதும்போது உங்களை நான் நினைக்கவில்லை, நினைத்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொம்மைக்கு அழுகிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். இவர் மகனுக்கு நடந்தது அது இல்லை. ஒலியோ வெளிச்சமோ கூட்டமோ அந்தப் பிள்ளையால் தாங்கிக்கொள்ள முடியாத அளவுக்குப் போய், உள்ளே எல்லாம் ஒரேயடியாகச் சரிந்துவிடுகிறது. அவன் எதையும் கேட்டு அழவில்லை, எதைக் கொடுத்தாலும் நிற்காது. மிரட்டினால் இன்னும் மோசமாகும். நமக்குச் சாதாரணமாகக் கேட்கிற மணிச் சத்தம் அவன் காதில் எப்படி விழுகிறது என்று நம்மால் ஊகிக்க முடியாது. முகத்தைப் பார்த்தால் ஆட்டிசம் தெரியவும் தெரியாது.

அப்படியானால் வெளியிலிருந்து பார்க்கிறவர் எதைவைத்து முடிவு செய்வது? பிள்ளையை வைத்து முடிவு செய்யவே வேண்டாம் என்பேன். கூட இருக்கும் பெரியவரைப் பாருங்கள். இந்த அம்மா வங்கித் தரையில் உட்கார்ந்து மகனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குமேல் ஒரு தாய் என்ன பொறுப்பு எடுக்க முடியும்? ரயிலில் போனிலிருந்து தலையெடுக்காதவரும் இவரும் ஒன்றா? அந்த வரிசையில் நின்றவர்கள் செய்திருக்க வேண்டியது சின்ன வேலைகள்தான்: சுற்றி நின்று வேடிக்கை பார்க்காமல் இரண்டடி தள்ளி நிற்பது, அந்த மணியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் கேட்பது, ‘நான் ஏதாவது செய்யட்டுமாம்மா’ என்று ஒரே ஒரு தடவை மெதுவாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, அவருடைய இடத்தை வரிசையில் காப்பாற்றி வைப்பது.

உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் கேட்டுப்பாருங்கள்: கூட்டம் குறைவான நேரம் எது என்று கிளையில் விசாரித்தால் பெரும்பாலும் சொல்வார்கள். சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்குத் தலையில் எதுவும் படக் கூடாது. உங்கள் மகன் எந்த வகை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ‘வளர்த்த லட்சணம்’ என்று சொன்னவருக்கு நீங்கள் எந்த விளக்கமும் கடன்படவில்லை.

கேள்வி: நண்பர் வீட்டில் என் ஆறு வயது மகன் ஒரு கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டான். நண்பர் ‘விடுங்க, பரவாயில்லை’ என்றார், நானும் விட்டுவிட்டேன். அதற்கு ஈடு செய்திருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு மாதம் ஓடிவிட்டது, இனிமேல் போய் நிற்பது அசிங்கமாக இருக்காதா?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ‘பரவாயில்லை’ என்பது நண்பரின் நல்ல மனசு, அதனால் ஜாடி ஒட்டிக்கொள்ளவில்லை. அதே மாதிரி ஒன்று கிடைக்கிறதா என்று பாருங்கள், மகனையும் கடைக்குக் கூட்டிப்போய் அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவன் ஏதாவது சேர்த்துவைத்திருந்தால் அதிலிருந்தும் ஒரு சின்னப் பங்கு வரட்டும், மீதி உங்களுடையது. அங்கே போனதும் ‘சாரி சொல்லு, சொல்லு’ என்று முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள், ‘அன்னிக்கே வந்திருக்கணும், நான்தான் விட்டுட்டேன்’ என்று. அப்புறம் அவன் கையிலிருப்பதை அவனே கொடுக்கட்டும், வாய் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி. ஒரு மாதம் ஒன்றும் பெரிய தாமதம் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிவிட்டுப் போங்கள்.